மணல் தோப்பில் யூரியாவை எங்கே வைப்பது? புதிதாகச் சொட்டுநீர் போட்டவர்களுக்கு

காலையில் தோப்புக்குப் போகும்போது ஒரு பிடி யூரியாவை எடுத்துக்கொண்டு போங்கள். சொட்டுநீர் ஓடி நனைந்திருக்கும் மணல்மேல் ஒரு தேக்கரண்டி அளவு தூவிவிட்டு, பக்கத்திலேயே குத்தவைத்துப் பாருங்கள். குருணை முதலில் பளபளக்கும், அப்புறம் ஓரம் கரைந்து சுருங்கும், கொஞ்ச நேரத்தில் தூவிய இடமே தெரியாமல் போய்விடும். கரைந்தது எங்கே போனது? வேருக்குப் போனதா, காற்றில் போனதா, கிணற்றுக்குப் போனதா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டால் தோப்புக்கு உரம் வைக்கிற வேலையில் பாதி முடிந்த மாதிரி.

எங்கள் பக்கம், அதாவது ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளியிலிருந்து கிழக்கே மண்டபம் வரைக்கும், அந்தப் பக்கம் பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று கடலை ஒட்டிப் போகும் நிலம் பெரும்பாலும் மணல். மண்வெட்டி போட்டால் சத்தமே வராது. வளைகுடாவில் பத்துப் பதினைந்து வருடம் உழைத்துவிட்டுத் திரும்பியவர்கள் சீமைக் கருவேலத்தை அழித்துத் தென்னை, கொய்யா, எலுமிச்சை, சப்போட்டா என்று வைக்கிறார்கள். சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம் இருப்பதால் சொட்டுநீரும் போட்டுவிடுகிறார்கள். எல்லாரும் முதலில் கேட்பது, “மரத்துக்கு எத்தனை கிலோ யூரியா?” என்றுதான். அளவை யாரிடம் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். தூரிலிருந்து எத்தனை அடி தள்ளி, எவ்வளவு ஆழத்தில், தண்ணீர் ஓடுவதற்கு முன்னாலா பின்னாலா என்று கேட்பவர் குறைவு. மணலில் அளவை விட இதுதான் முக்கியம் என்பது என் அனுபவம்.

எனக்கு இரண்டு இடம். உச்சிப்புளிப் பக்கம் வெள்ளை மணலில் தென்னை. சாயல்குடிப் பக்கம், மாமனார் வழியில் வந்த செம்மணலில் கொய்யா. இரண்டிலும் தப்புச் செய்திருக்கிறேன், அதுவும் வேறு வேறு தப்பு. போகப்போகச் சொல்கிறேன்.

முதலில், உரம் மண்ணுக்குள் என்ன ஆகிறது

இதைத் தாண்டிக்கொண்டு நேராக வேலைக்குப் போய்விடாதீர்கள். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்). ஆனால் யூரியா யூரியாவாக இருக்கும்வரை மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. சர்க்கரை கரைந்த தண்ணீர் மாதிரி, தண்ணீர் எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவு ஆழம் அதுவும் கூடவே போகும். மண்ணில் இருக்கும் யூரியேஸ் என்கிற நொதி அதை அம்மோனியமாக மாற்றுகிறது. நம் ஊர் வெக்கையில் இதற்கு இரண்டு மூன்று நாள் போதும். அம்மோனியம் களிமண்ணிலும் மக்கிலும் ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளது. மணலில் ஒட்ட இடம் குறைவு, இருந்தாலும் கொஞ்சம் நிற்கும். அதற்கடுத்த ஒன்றிரண்டு வாரத்தில், சில நேரம் மூன்று வாரமும் ஆகலாம், நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரேட் ஆக்கிவிடுகின்றன. நைட்ரேட் மண்ணில் ஒட்டவே ஒட்டாது. அடுத்து நீங்கள் விடும் தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே போய்விடும்.

ஆக மூன்று இடத்தில் கைநழுவுகிறது. யூரியா கரைந்த முதல் இரண்டு நாளில் தண்ணீர் அதிகமாக விட்டால் அப்படியே வேருக்குக் கீழே இறங்கிவிடும். மேலாகக் கிடந்து அம்மோனியமாக மாறினால், அந்த இடத்தில் காரத்தன்மை ஏறி, அம்மோனியா வாயுவாகக் காற்றோடு போய்விடும். இரண்டிலும் தப்பியது நைட்ரேட்டாக மாறியபின் அடுத்தடுத்த பாய்ச்சலில் கரையும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்கிற ஒவ்வொன்றும் ஏன் என்று தானாகவே விளங்கும்.

குழி தோண்டுங்கள்

உரம் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. வழக்கம்போலச் சொட்டுநீரை ஓட்டுங்கள். நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து, ஒரு சொட்டுவானுக்கு (குழாயில் தண்ணீர் சொட்டும் முனை) நேர் பக்கத்தில் மண்வெட்டியால் நேராக வெட்டி இறக்குங்கள், பக்கச் சுவர் தெரிகிற மாதிரி. ஈரம் ஏறிய இடம் கறுத்துத் தெரியும். களிமண்ணில் அது பெரிய வெங்காயம் மாதிரி அகலமாக உருண்டிருக்கும். நம் மணலில் கேரட் மாதிரி ஒல்லியாக நீண்டு கீழே போயிருக்கும். அகலத்தையும் ஆழத்தையும் சாணால் அளந்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அப்படியே வேர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், மெல்லிய வெள்ளை வேர். சொட்டுநீர்ப் பாசனத்தில் இரண்டு மூன்று வருடம் ஆன மரத்துக்கு உறிஞ்சும் வேர் பெரும்பாலும் அந்தக் கேரட்டுக்குள்தான் இருக்கும். அதற்கு வெளியே காய்ந்த மணலில் ஒன்றும் இருக்காது.

நான் உச்சிப்புளியில் முதல் குழி வெட்டியபோது மூன்று மணி நேரம் தண்ணீர் ஓட்டியிருந்தேன். ஈரம் இடுப்பளவு ஆழம் போய் இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது, அகலமோ இரண்டு சாண்கூட இல்லை. அன்றைக்கு முந்தின நாள்தான் யூரியா வைத்திருந்தேன். அவ்வளவும் எங்கே போயிருக்கும் என்று குழி ஓரத்தில் நின்று நினைத்துப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. மணலில் ஒரு சென்டிமீட்டர் நீர் பாய்ந்தாலே ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் ஆழம் நனைந்துவிடும். அதனால் ஒரே தடவையில் மூன்று மணி நேரம் ஓட்டுவதை விட, ஒரு மணி நேரமாக மூன்று நாளைக்கு ஓட்டுவது நல்லது. தென்னைக்கு ஒன்று இரண்டு சொட்டுவானோடு நிறுத்தாமல் தூரைச் சுற்றி நான்கு முதல் ஆறு வரை வையுங்கள், ஈரம் பரவும், வேரும் பரவும்.

குழிச் சுவர் காய்ந்தபின் இன்னொன்றும் தெரியும். ஈரத்தின் ஓரத்தில், மேல்தரையிலும், மெல்லிய வெள்ளைப் பூச்சு. நாக்கில் தொட்டுப் பார்த்தால் கரிக்கும். நம் கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் உப்பு அது, தண்ணீர் நகர்ந்து போய் நிற்கும் எல்லையில் சேருகிறது. இந்த உப்பு வளையத்தில் உரம் வைத்தால் உப்புக்கு மேல் உப்பு. புதுத் தோப்புக்காரர் பலர் சரியாக அங்கேதான் வைக்கிறார்கள், “தூரிலிருந்து தள்ளி வைக்கணும்” என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஈரத்துக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிடுவதால்.

தண்ணீரையும் மண்ணையும் ஒரு தடவை சோதித்துக்கொள்ளுங்கள்

தண்ணீரில் எவ்வளவு உப்பு என்பதைக் காட்டுவது அதன் மின்கடத்துதிறன். அது மீட்டருக்கு 0.75 டெசிசீமன்ஸ் வரை இருந்தால் கவலையில்லை. 2.25-க்கு மேலே போனால் உப்பு அதிகம், எலுமிச்சை, மா எல்லாம் திணறும், தென்னையும் சப்போட்டாவும் தாக்குப்பிடிக்கும். கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். பேனா வைத்திருப்பவர்கள் அது காட்டும் எண்ணை 640-ஆல் வகுத்துக்கொண்டால் தோராயமாகக் கணக்கு வந்துவிடும். மண்ணுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கரண்டி மணலில் வினிகரை ஊற்றிப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் கிளிஞ்சல் சுண்ணாம்பு கலந்த மண், பி.எச். (அமில, கார அளவு; 7 நடுநிலை) 8-க்கு மேலே இருக்க வாய்ப்பு அதிகம். என் உச்சிப்புளி மணல் நன்றாகப் பொங்கும். சாயல்குடிச் செம்மணல் சும்மா நனையும், அவ்வளவுதான். இந்த ஒரு வித்தியாசம்தான் பின்னால் எந்த உரம் என்பதை முடிவு செய்யும். முறையான சோதனைக்கு வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பலாம். ராமநாதபுரத்திலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, உவர் நிலத்துக்கென்றே வேலை செய்பவர்கள், போய்க் கேளுங்கள்.

சொட்டுநீர் இல்லாமல் வட்டப்பாத்தியில் வைப்பது

தென்னையை எடுத்துக்கொள்வோம். பல்கலைக்கழகப் பரிந்துரை, ஐந்தாம் வருடத்திலிருந்து மரத்துக்கு ஆண்டுக்கு 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ், கூடவே 50 கிலோ தொழு உரம். இதை ஜூன்-ஜூலையில் ஒரு பாதி, டிசம்பர்-ஜனவரியில் ஒரு பாதி என்று வைக்கச் சொல்கிறார்கள். மணலில் யூரியாவை மட்டும் இன்னும் சின்னதாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆறு தடவையாக வைத்தால் தடவைக்கு 220 கிராம் சொச்சம். 50 மரத்துக்கு ஒரு தடவைக்கு 11 கிலோ. 45 கிலோ மூட்டை ஒன்று நான்கு தடவைக்கு வரும். சூப்பரைப் பிரிக்க வேண்டியதில்லை, அது சீக்கிரம் நகராது. பொட்டாஷ் பரிந்துரைப்படி இரண்டு தடவை.

இடம்: தூரிலிருந்து இரண்டு அடி விட்டுவிடுங்கள். அங்கிருந்து ஆறு அடி, அதாவது 1.8 மீட்டர் வரை உள்ள வளையம்தான் உரத்துக்கு. அந்த வளையத்தில் மண்வெட்டியால் நாலு விரல், ஆறு விரல் ஆழம் கிளறி, யூரியாவைச் சுற்றிலும் ஒரே சீராகத் தூவி, உடனே மண்ணை இழுத்து மூடுங்கள். ஒரே இடத்தில் குவியலாக வைத்தால் அந்தக் குவியலைச் சுற்றி அம்மோனியா கூடி வேர் கருகும். மூடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை உங்கள் மூக்கே சொல்லும். மறுநாள் வெயில் ஏறியதும் பாத்தி ஓரம் குனிந்தால் மூக்கைக் குத்தும் வாடை வரும், அது உங்கள் மூட்டைக் காசு. ஈர மணல், காரத்தன்மை, வெயில், கடல் காற்று என நான்கும் சேரும் இடம் நம் கரை. ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கிற நாளில் மேலாகத் தூவினால் மூன்றில் ஒரு பங்குகூடக் காற்றில் போகலாம்.

மூடியபிறகு தண்ணீர் விட வேண்டும், ஆனால் கொஞ்சம். அரை அங்குல மழைக்குச் சமமான தண்ணீர் போதும், யூரியா கரைந்து ஒரு சாண் கீழே இறங்கும். பாத்தி நிறையத் தண்ணீர் கட்டிவிட்டால் முதலில் சொன்ன கதைதான், யூரியா வேருக்குக் கீழே போய்விடும். பிறகு இரண்டு மூன்று நாள் தண்ணீரை நிறுத்தி வைத்துவிட்டு வழக்கமான பாய்ச்சலுக்குப் போங்கள்.

மட்டை, உரிமட்டை, பனை ஓலை என்று மூடாக்குப் போட்டிருப்பவர்கள், மூடாக்கின் மேல் யூரியாவைத் தூவிவிடாதீர்கள். காய்ந்த இலை தழையில் யூரியேஸ் மண்ணை விட அதிகம், அங்கேயே வாயுவாகிவிடும். மூடாக்கை ஒதுக்கி, மண்ணில் வைத்து மூடி, மறுபடி மேலே இழுத்துப் போடுங்கள். ஆட்டுக்கிடை போடுகிறவர்களுக்கும் இதேதான். ஆட்டு மூத்திரத்தில் இருப்பதும் யூரியாதான். கிடை கிளம்பிய அன்றைக்கே உழுது மறிக்கச் சொல்லி நம் பெரியவர்கள் அவசரப்படுத்தியது சும்மா இல்லை.

சொட்டுநீரில் கரைத்து விடுவது

வென்சுரியோ (உரக் கரைசலை உறிஞ்சிக் குழாய்த் தண்ணீரில் சேர்க்கும் கருவி) உரத் தொட்டியோ இருந்தால் யூரியாவை அதில் விடுவதுதான் சரி. உரம் நேராக ஈரத்துக்குள், வேருக்குள் போகிறது, மேல்தரையில் நிற்பதில்லை. தென்னைக்கு இப்படி விடும்போது பரிந்துரையில் முக்கால் பங்கு போதும், ஆண்டுக்கு ஏறக்குறைய 1 கிலோ. மழை மாதம் மூன்றைத் தள்ளிவிட்டு ஒன்பது மாதத்துக்குப் பிரித்தால் மாதம் மரத்துக்கு 110 கிராம். அதையும் இரண்டாகப் பிரித்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை விட்டால் இன்னும் நல்லது.

இங்கே இடம் என்பது நேரமாக மாறிவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. தண்ணீர் ஓடத் தொடங்கியதும் உரத்தை விட்டால், பின்னால் வரும் தண்ணீர் அதைத் தள்ளித் தள்ளிக் கேரட்டின் நுனிக்குக் கொண்டுபோய்விடும், அதாவது வேருக்குக் கீழே. கடைசியில் விட்டு உடனே மோட்டாரை நிறுத்தினால் உரம் குழாயிலேயே தங்கிவிடும், பாசி பிடிக்கும், முதல் மரத்துக்கு நிறையவும் கடைசி மரத்துக்கு ஒன்றுமில்லாமலும் போகும். அதனால் இரண்டு மணி நேரம் ஓட்டுவதாக வைத்துக்கொண்டால், முதல் ஒரு மணி நேரம் வெறும் தண்ணீர், அப்புறம் 35, 40 நிமிடம் உரம், கடைசி 20 நிமிடம் மறுபடி வெறும் தண்ணீர். களிமண்காரர்கள் உரத்தைக் கொஞ்சம் முன்கூட்டியே விடலாம், மணலில் பின்பகுதியில்தான் விட வேண்டும்.

கடைசி 20 நிமிடம் என்பது என் தோப்பின் கணக்கு. உங்கள் குழாய் நீளத்துக்கு எவ்வளவு என்று நீங்களே அளக்கலாம். தொட்டியில் கொஞ்சம் வெள்ளைப் பொட்டாஷைக் கரைத்து விடுங்கள். ஆகக் கடைசி சொட்டுவானின் கீழ் ஒரு டம்ளரை வைத்து, நிமிடத்துக்கு ஒரு தடவை டி.டி.எஸ். பேனாவை நனைத்துப் பாருங்கள், ஒவ்வொரு தடவையும் டம்ளரைக் கொட்டிவிட வேண்டும். எண் திடீரென ஏறுகிறதல்லவா, அது உரம் வந்து சேர்ந்த நேரம். தொட்டி காலியானபின் எண் பழைய அளவுக்கு இறங்கும்வரை எத்தனை நிமிடமோ, அத்தனை நிமிடம் வெறும் தண்ணீர் ஓட வேண்டும். இந்தச் சோதனையை யூரியாவை வைத்துச் செய்யாதீர்கள். யூரியா உப்பு இல்லை, எவ்வளவு கரைத்தாலும் பேனாவில் எண் ஏறாது. இது தெரியாமல் ஒரு நாள் முழுக்கப் பேனா கெட்டுப்போச்சு என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

சொட்டுவான் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் குழாய் போட வந்தவர்கள் கொய்யாக் கன்றின் தண்டை ஒட்டியே சொட்டுவானைக் குத்திவிட்டுப் போய்விட்டார்கள். கன்றுக்கு அது முதல் ஆறு மாதத்துக்குச் சரி. பிறகும் நகர்த்தாமல் விட்டதால் வேர் அங்கேயே சுருண்டு நின்றது, தண்டு எப்போதும் ஈரமாக இருந்து பட்டை அழுகியது. முதல் வருட முடிவில் தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி இரண்டு பக்கமும் வையுங்கள். மரம் விரிய விரிய நகர்த்திக்கொண்டே போய், கிளை விரிந்த வட்டத்தில் பாதித் தூரத்தில் நிறுத்துங்கள். நகர்த்தும்போது சும்மா கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள், பழைய ஈரமும் புது ஈரமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவே ஓர் உப்புச் சுவர் நின்று வேரை விடாது.

எந்த உரம், எந்த மணலுக்கு

இங்கேதான் என் சாயல்குடித் தப்பு. உவர் தண்ணீருக்கு அம்மோனியம் சல்பேட் நல்லது என்று கடையில் சொன்னார்கள். உச்சிப்புளிக்கு அது சரியான யோசனைதான். அதையே சாயல்குடியிலும் சொட்டுநீரில் மூன்று வருடம் விட்டேன். மூன்றாம் வருடம் கொய்யா இலை வெளுத்து, ஓரம் கருகி, பிஞ்சு உதிர்ந்தது. உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் கூட்டினேன், இன்னும் மோசமானது. மண்ணைச் சோதனைக்கு அனுப்பியபோது ஒன்றும் குறையில்லை என்று வந்தது, ஏனென்றால் தோட்டத்தில் பத்து இடத்தில் எடுத்துக் கலந்து அனுப்பியிருந்தேன், அதில் எட்டு இடம் சொட்டுவான் இல்லாத இடம்.

பிறகு ஒரு மரத்தடியில் மட்டும் மூன்று பொட்டலம் எடுத்தேன். சொட்டுவானுக்கு நேர் கீழே ஒன்று, ஈரத்தின் ஓரத்தில் ஒன்று, இரண்டு மரத்துக்கு நடுவே காய்ந்த இடத்தில் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு வாலை வடிநீர் ஊற்றிக் கலக்கி, தெளிந்ததும் பி.எச். தாளை நனைத்தேன். நடுவே எடுத்தது 7-க்குப் பக்கத்தில். சொட்டுவானுக்குக் கீழே எடுத்ததில் தாள் ஆரஞ்சு நிறத்துக்குப் போய் 5-க்குக் கீழே காட்டியது. அம்மோனியம் மண்ணில் நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் வெளியாகிறது. 100 கிலோ அம்மோனியம் சல்பேட் உண்டாக்கும் அமிலத்தைச் சரிக்கட்ட 110 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும் என்பது பாடக் கணக்கு. இந்த அமிலம் தோட்டம் முழுவதும் பரவினால் தெரியாது. சொட்டுநீரிலோ அவ்வளவும் ஒரு வாளி அளவு மண்ணுக்குள் விழுகிறது. வேர் முழுக்க இருப்பதும் அந்த வாளி மண்ணில்தான். செம்மணலில் அதைத் தாங்கிக்கொள்ளக் கிளிஞ்சலும் இல்லை, களியும் இல்லை. மக்னீசியம், பொட்டாஷ் எல்லாம் கரைந்து கீழே போய், அலுமினியம் கரைந்து வேர் நுனியைச் சுடும்.

ஆகவே வினிகரில் பொங்கும் வெள்ளை மணலுக்கு அம்மோனியம் சல்பேட் பயப்படாமல் கொடுக்கலாம், ஆனால் மேலாகத் தூவக் கூடாது, யூரியா மாதிரியே அதுவும் அங்கே வாயுவாகும். பொங்காத செம்மணலுக்கு யூரியாவும் கால்சியம் நைட்ரேட்டும் மாற்றி மாற்றி விடுங்கள். கால்சியம் நைட்ரேட்டில் தழைச்சத்து 15.5 சதவீதம்தான், விலையும் அதிகம், ஆனால் அமிலம் உண்டாக்காது, உப்புத் தண்ணீரின் சோடியத்தை மண்ணிலிருந்து விலக்கவும் கால்சியம் உதவும். அதில் இருப்பது பெரும்பாலும் நைட்ரேட் என்பதால் சின்னச் சின்னத் தவணையாக, பாய்ச்சலின் பின்பகுதியில் மட்டும். சல்பேட் உரத்தோடும் பாஸ்பேட் உரத்தோடும் ஒரே தொட்டியில் கலக்காதீர்கள், சுண்ணாம்பு மாதிரி படிந்து சொட்டுவானை அடைத்துவிடும்.

ஏற்கெனவே அமிலம் ஏறிப்போன இடத்துக்கு நான் செய்தது: சொட்டுவானை ஒரு முழம் நகர்த்தி, பழைய இடத்தில் டோலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல்) தூளைக் கிளறிவிட்டேன். சுண்ணாம்பு போட்ட பிறகு இரண்டு வாரம் யூரியாவோ அம்மோனியம் சல்பேட்டோ அந்தப் பக்கம் காட்டவில்லை, இரண்டும் சேர்ந்தால் அம்மோனியா கிளம்பும். கொய்யா முழுசாகத் தெளிய ஒன்றரை வருடம் ஆனது.

பொட்டாஷ் பற்றி ஒரு வார்த்தை. தென்னைக்கு வழக்கமான பொட்டாஷ் (பொட்டாசியம் குளோரைடு) நல்லது, குளோரைடு அதற்கு வேண்டிய சத்தும்கூட. எலுமிச்சை, மாவுக்கு உப்புத் தண்ணீரும் விட்டு அந்தப் பொட்டாஷும் வைத்தால் இலை நுனி கருகும், அவற்றுக்கு சல்பேட் ஆப் பொட்டாஷ் வாங்குங்கள்.

மழை வரும்போது

நம் மாவட்டத்துக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். புரட்டாசி பாதிக்கு மேல் தழைச்சத்து வைப்பதை நிறுத்திவிடுங்கள். “மழைக்கு முன்னாடி உரம் வை” என்பது களிமண் வயல்காரர் பேச்சு. மணலில் ஒரு நல்ல மழை போதும், நைட்ரேட் அத்தனையும் கீழே. மணிலா அகத்தி, சணப்பை, கொளுஞ்சி ஏதாவது ஒன்றைப் பாத்திக்கு வெளியே விதைத்துவிட்டால் மீதியிருக்கும் நைட்ரேட்டைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும், பூக்கும் முன் மடக்கி உழுதால் அது உங்களுக்கே திரும்பி வரும்.

முதல் தூறல் விழும்போது மோட்டாரை நிறுத்தாதீர்கள். பார்ப்பவர்கள் திட்டுவார்கள், பரவாயில்லை. கோடை முழுக்க மேல்தரையிலும் ஈர ஓரத்திலும் சேர்ந்த உப்பு, உர உப்பும் கிணற்று உப்பும் சேர்த்து, சிறு மழையில் கரைந்து நேராக வேருக்குள் இறங்கும். முந்தின நாள் வரை நன்றாக இருந்த எலுமிச்சை தூறலுக்கு மறுநாள் இலை கொட்டுவது இதனால்தான். சொட்டுநீர் ஓடிக்கொண்டிருந்தால் உப்பை உள்ளே விடாமல் வெளியே தள்ளும். இரண்டு அங்குலத்துக்கு மேல் கனமாகப் பெய்து மண் கழுவப்பட்ட பிறகு நிறுத்திக்கொள்ளலாம். மார்கழி கடைசி, தை தொடக்கத்தில் மண் வருடத்திலேயே இனிப்பாக இருக்கும், அப்போது வைக்கிற முதல் தவணைக்குத் தென்னை காட்டும் பச்சையே தனி.

கிணற்றையும் பாருங்கள்

கடலோர மணலுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் மேல் ஒரு தட்டு மாதிரி மிதந்து நிற்கிறது. நம் ஊற்றும் கிணறும் அந்தத் தட்டில்தான். வேரைத் தாண்டி இறங்கிய நைட்ரேட் போய்ச் சேருவதும் அங்கேதான், மணலில் அதற்கு அதிக நாள் பிடிக்காது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்கும் தண்ணீரில் அது கூடினால் இரத்தத்தால் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்றுவதால் அடர்த்தி இன்னும் கூடும். தோப்புக் கிணற்றில் குடிக்கிற வீடு பக்கத்தில் இருந்தால் வருடத்துக்கு ஒரு தடவை, தை மாதம், நைட்ரேட்டுக்கென்று கேட்டுச் சோதியுங்கள், சாதாரண உப்புச் சோதனையில் இது தனியாகத் தெரியாது. கிணற்றைச் சுற்றி முப்பது நாற்பது அடிக்குள் இருக்கும் மரங்களுக்கு நான் யூரியாவே வைப்பதில்லை, தொழு உரமும் வேப்பம் புண்ணாக்கும் குறைவான அளவில் மட்டும்தான்.

உரத் தவணை தொடங்கிய பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே சொட்டுவான் பக்கத்தில் மறுபடி குழி வெட்டி, அதே மூன்று இடத்தில் மண் எடுத்து, தேதி போட்டு எழுதி வையுங்கள். ஈரம் எவ்வளவு ஆழம், வேர் எங்கே, வெள்ளைப் பூச்சு எங்கே, பி.எச். எவ்வளவு. அடுத்த தவணையைக் கூட்டுவதா குறைப்பதா, முன்னால் நகர்த்துவதா பின்னால் நகர்த்துவதா என்று அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.